நாங்க என்றால் எத்தனை பேர்?

தலையிலிருந்த வளையத்தைக் கழற்றி மேஜைமேல் வைத்த பிறகும் அன்வர் "நாங்க" என்றுதான் சொன்னான். அடுத்த ஞாயிறு நாங்க ஊரில் இருக்க மாட்டோம் என்று. ரெஜினாவுக்கு அது சுருக்கென்று தைத்தது. இத்தனை வருஷமாக இந்த மேஜையில் அவன் வாயில் வந்த சொல் "நாம". அதில் அவளும் இருந்தாள்.

ஆளுக்கொரு வேடம் ஏற்றுப் பகடை உருட்டி ஆடும் ஆட்டம் அது. குணவளையம் வந்தபின் அதில் யாரும் நடிப்பதில்லை. மாயாவியோ குள்ளனோ, வேண்டிய குணவில்லையை வளையத்தில் செருகித் தலையில் மாட்டினால், ஆட்டம் முடியும்வரை அந்தப் புத்தியே வந்துவிடும், கழற்றினால் போய்விடும். ஆட்டத்தை வெளியிட்ட நிறுவனத்தின் வில்லைகளுக்கு அது உத்தரவாதம். ஆர்வலர்கள் வீட்டில் உட்கார்ந்து எழுதி விற்கும் வெளியார் வில்லைகளுக்கு ஒன்றும் கிடையாது. ஆட்டத்தை நடத்துகிற ரெஜினா அவற்றை வாசல்படி ஏறவிட்டதில்லை. அன்வர் கெஞ்சிக் கூத்தாடியதால்தான், ஒரே உடம்பில் மூன்று உயிர் குடியிருக்கும் "மூவுயிரர்" இனத்தின் வெளியார் வில்லைக்குத் தலையாட்டினாள்.

அன்று டிராகன் குகை வாசலில் அவனுடைய ஓர் உயிர் உள்ளே போகலாம் என்றது, இன்னொன்று ஓடலாம் என்றது, மூன்றாவது பசிக்கிறது என்றது. கூட ஆடிய மற்ற இரண்டு நண்பர்களும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ரெஜினா சிரிக்கவில்லை.

ஆட்டம் முடிந்து அவர்கள் கிளம்பிப் போனார்கள். அன்வர் பால்கனியில் நின்று வீட்டுத் தரகரோடு போனில் பேசிக்கொண்டிருந்தான். ரெஜினா கோப்பைகளை எடுக்கிற சாக்கில் காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள்.

"இல்லண்ணே, நாங்க மூணு பேருக்கு அது பத்தாது."

அவனும் அவன் மனைவி ஷமீமாவும் இரண்டே பேர். மூவுயிரர் குணம் கழற்றியும் போகாமல் அவன் தலையிலேயே தங்கிவிட்டதோ? வில்லை ஒட்டிக்கொண்டது உறுதியானால் நிறுவனத்துக்குச் சொல்லியாக வேண்டும். அப்புறம் அன்வர் ஆயுசுக்கும் வளையம் தொட முடியாது. கல்லூரி நாளிலிருந்து கூடவே வந்தவன். அவனைத் தன் வாயாலேயே காட்டிக்கொடுப்பதை நினைக்கையில் அழுகை வந்தது.

எச்சமானியை எடுத்து வந்தாள். கழற்றிய பிறகும் தலைக்குள் ஏதாவது குணம் தங்கியிருந்தால் அதில் தெரிந்துவிடும். அன்வர் ஏதோ விளையாட்டு என்று நினைத்து நெற்றியை நீட்டினான். முள் அசையவேயில்லை.

கருவிதான் பழுதோ என்று அவளுக்குச் சந்தேகம். சரிபார்க்கத் தன் நெற்றியில் வைத்தாள். முள் ஒரே ஓட்டமாகக் கடைசிவரை போய் நின்றது. "நடத்துநர், நிறுவன வெளியீடு" என்று திரையில் எழுத்து வந்தது. ஞாயிறுதோறும் அவள் மாட்டுகிற வில்லைதான், ஆட்டம் முடிந்ததுமே கழற்றி வைத்துவிட்டாள். எல்லோர்மேலும் ஒரு கண் வைத்திரு, வெளியார் சரக்கை நம்பாதே என்று நிறுவனமே எழுதி வைத்த குணம்.

அப்படியும் அவளால் விட முடியவில்லை.

"அந்த மூணாவது ஆளு யாருடா?"

"இன்னும் பேரு வைக்கல." அன்வர் வெட்கத்தோடு சிரித்தான். "ஷமீமாவுக்கு மூணு மாசம். அடுத்த வாரம் ஊருக்குப் போயி அம்மாகிட்ட சொல்றோம். அதுக்கு முன்னாடி உன்கிட்ட சொல்லிடணும்னு அவதான் சொன்னா, ரெஜி."

துள்ளிக் குதிக்க வேண்டிய நேரம். அது அவளுக்கும் தெரிந்தது. வாழ்த்துச் சொல்லத்தான் வாயைத் திறந்தாள்.

"ஸ்கேன் ரிப்போர்ட் இருக்கா?" என்றாள்.