வியாழக்கிழமைக் கூடை

காசில்டா சிறைவாசலுக்கு வந்தபோது மணி பத்து. உள்நாட்டுப் போருக்கு முன்பு கன்னியாஸ்திரீகள் மடமாக இருந்த கட்டடம். சுவரெல்லாம் ஈரம், அழுகிய முட்டைக்கோசு நாற்றம். துவைத்த துணிக்கூடையோடு அவள் கைதிகளின் வீட்டுப் பெண்கள் வரிசையில் நின்றாள்.

அந்தப் பெண்களுக்குத் தெரிந்த சேதி ஒன்றுதான். காவலன் கூடையை வாங்கி அழுக்குத் துணியைத் தந்தால் ஆள் உயிரோடு இருக்கிறான். கூடையைத் தள்ளிவிட்டால் ஆளைச் சுட்டுவிட்டார்கள் என்று அர்த்தம்.

அழுக்குச் சட்டையின் காலர் தையலுக்குள் சிகரெட் தாளில் கடிதம் இருக்கும். அவள் புருஷன் பெர்மின், தோற்றுப்போன குடியரசுப் படையின் சிப்பாய், இரண்டு வாரமாக ஒரே வரிதான் எழுதினான்: 'போகாதே. நான் வரேன்.' அதை நம்பி, பிரான்சு எல்லைக்கு அப்பால் கொண்டுபோய் விடும் எவரிஸ்தோவின் வண்டியை இரண்டு தடவை விட்டுவிட்டாள், பைத்தியக்காரி! அவள் பெயரும் கைதுப் பட்டியலில் ஏறியாயிற்று. இன்று மதியம் கடைசி வண்டி. அப்புறம் மலைப்பாதையைப் பனி மூடிவிடும். மகள் நியேவெஸ் வண்டிக்காரன் வீட்டில் காத்திருந்தாள்.

"இன்னும் என்னடி யோசனை?" பின்னால் நின்ற ஒப்துலியா கிசுகிசுத்தாள்.

"இன்னிக்கு என்ன எழுதியிருக்காருன்னு பாத்துட்டு முடிவு பண்றேன்க்கா."

"நல்லா பாத்தே போ! அவரா வந்து ஜெயில் கதவைத் தொறக்கப் போறாரு? புள்ளையைத் தூக்கிட்டுக் கிளம்பற வழியைப் பாரு."

அவள் முறை வந்தது. பெயரைச் சொன்னாள். காவலன் பேரேட்டைப் புரட்டிவிட்டுக் கூடையைத் தள்ளினான்.

"ஆள் இல்ல."

"எப்போ?"

"மூணு வாரமாச்சு."

"போன வியாழன்கூடக் கூடையை வாங்குனீங்களே! அழுக்குத் துணி குடுத்தீங்களே!"

"செத்தவன் கூடையை எவன்மா வாங்குவான்? ஒதுங்கு."

யார் வாங்கினார்கள்? போன வாரம் கதவிலிருந்த சின்னத் திட்டிவாசல் வழியே ஒரு கை வந்தது. முகத்தை அவள் பார்க்கவில்லை.

கூடையைத் தூக்கினாள். கனத்தது.

அவள் மடித்து வைத்த வெள்ளைத் துணிக்கு மேல் ஓர் அழுக்குச் சட்டை கிடந்தது.

தொட்டாள். சூடாக இருந்தது. வியர்வை இன்னும் காயவில்லை.

காலருக்குள் தாள் சரசரத்தது. பிரித்தாள்.

'போகாதே. வீட்டில்தான் இருக்கேன்.'

"ஐயோ, தாயே!"

கூடையை அங்கேயே போட்டுவிட்டு ஓடினாள். பாவம், ஆசை ஆசையாகக் கட்டிக்கொண்ட புருஷன். அவனுக்குப் பயந்துதான் ஓடினாள். வீட்டுப் பக்கம் திரும்பவேயில்லை.

வண்டி மலை ஏறியது. நல்ல வெயில். மடியில் மகள், பக்கத்தில் வெங்காய மூட்டைகள். ஊர் கண்ணுக்கு மறைந்த பிறகுதான் காசில்டாவுக்கு மூச்சு வந்தது.

நியேவெஸ் கழுத்தைச் சொறிந்தாள். "அம்மா, குத்துது."

குழந்தையின் கோட்டுக் காலரில் புதுத் தையல். அவள் போட்ட தையல் இல்லை அது.

பல்லால் கடித்துப் பிரித்தாள். உள்ளே மடித்த தாள். பார்க்கக்கூடாது, பார்த்தால் திரும்பிவிடுவோம் என்று கண்ணை இறுக மூடிக்கொண்டு, சுக்குநூறாகக் கிழித்துக் காற்றில் விட்டாள்.

நியேவெஸ் வெங்காய மூட்டைகளின் பக்கம் தலையைச் சாய்த்து எதையோ காதுகொடுத்துக் கேட்டாள். பிறகு அம்மாவிடம் திரும்பினாள்.

"ஏன் படிக்காமக் கிழிச்சேன்னு அப்பா கேக்குறாரும்மா."