இருபத்தோராம் நாள்

பென்சில் சீவிப் போடும் கிண்ணத்தில் புதுச் சீவல்கள் கிடந்தன. கணவர் இறந்த மறுவாரம் அவளே அந்தக் கிண்ணத்தைக் கழுவி, மேஜைமேல் கவிழ்த்து வைத்திருந்தாள். இப்போது அது நிமிர்ந்திருந்தது. மூடிக் கிடந்த அறை முழுக்கச் சீவிய மரத்தின் வாசனை. மகளாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். எட்டாம் வகுப்புப் பிள்ளை, அப்பாவின் நாற்காலியில் உட்கார்ந்து பார்க்க ஆசைப்பட்டிருப்பாள்.

காலையில் பத்திரிகை ஆசிரியர் அழைத்திருந்தார். ஞாயிறன்று கணவரின் தொழில்நுட்பப் பத்தி வரும் இடத்தில் அவரைப் பற்றி அவள் எழுத வேண்டுமாம். இருபது வருஷமாக வாசகர்கள் அவரைவிட அவளைத்தான் அதிகம் விசாரித்தார்களாம். அது பொய்யில்லை. புதிதாக எந்தப் பொருள் வந்தாலும், போனோ மிக்சியோ, முதலில் அவள் கையில் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து குறிப்பெடுப்பார். அவள் தடுமாறினால் கோபமே இல்லாமல் அவள் விரலைப் பிடித்து, சரியான பொத்தானில் வைப்பார். பத்தியில் அவளுக்குப் பெயர் 'என் வீட்டு நடுவர்'. ஊருக்கே கணினி சொல்லிக்கொடுத்த மனிதர் குறிப்பெழுதியது மட்டும் பள்ளிக்கூட நோட்டில், பென்சிலால். சோதனை முடியும்வரை பழைய பொருளை வீட்டிலேயே வைக்க மாட்டார். "பழசு கைக்கெட்டுற தூரத்துல இருந்தா புதுச யாரும் நம்ப மாட்டாங்க" என்பார்.

'அன்பான கணவர்' என்று எழுதிவிட்டு நின்றாள். குடிக்க மாட்டார், கத்த மாட்டார். இரவில் கதவைப் பூட்டும்போது வாசலில் கிடக்கும் செருப்புகளை எண்ணி, "எல்லாரும் உள்ளே" என்று சொல்லிவிட்டுத்தான் படுப்பார். அவள் அக்கா வீட்டுக்கு நாலு நாள் போனபோது தினம் ஒன்பது முறை போன் செய்தார். "என்னடி, உன்ன நான் வாடகைக்கா எடுத்துட்டு வந்திருக்கேன்?" என்று அக்கா சிரித்தாள். அவளும் சிரித்தாள். அன்பை யாரிடம் போய்க் குறை சொல்வது? மூச்சு முட்டியது என்று எழுதினால் படிக்கிறவர்கள் அவளைத்தான் திட்டுவார்கள். நாளைக் காலை மகளோடு அக்கா ஊருக்கே போய்விடப் போகிறாள். கட்டிலடியில் பை தயாராக இருக்கிறது. மகளுக்குக்கூட இன்னும் தெரியாது.

எழுத ஏதாவது கிடைக்குமா என்று அவருடைய கடைசி நோட்டைப் பிரித்தாள். வாசல் கதவுக்கு அவர் மாட்டிய புதுப் பூட்டைப் பற்றியது. சாவி கிடையாது. உள்ளிருந்தும் வெளியிலிருந்தும் வீட்டு ஆட்களின் விரலுக்குத்தான் திறக்கும்.

'முதல் நாள்: நடுவர் கேட்கிறார், இது வீடா வங்கியா?' வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். 'மூன்றாம் நாள்: மகள் சாத்த மறந்தாள். தானே பூட்டிக்கொண்டது. நல்லது.' ஐந்தாம் நாள் மாலை இதே நாற்காலியில்தான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தார்.

பக்கத்தைத் திருப்பினாள்.

'ஆறாம் நாள்: வீட்டில் நிறையப் பேர். கதவு திறந்தே கிடக்கிறது. எனக்குப் பிடிக்கவில்லை.'

அதே சாய்ந்த எழுத்து.

'பன்னிரண்டாம் நாள்: நடுவர் கதவில் நெற்றியை வைத்துப் பதினோரு நிமிடம் நின்றார். வெளியே போகவில்லை.'

'இருபதாம் நாள்: கட்டிலடியில் பை. மகளின் உடுப்பு நாலு ஜோடி. என்னுடையது ஒன்றுகூட இல்லை.'

'இருபத்தோராம் நாள்: மணி மூன்று நாற்பது. என் நாற்காலியில் இருக்கிறார். படிக்கிறார்.'

சுவர்க் கடிகாரத்தை நிமிர்ந்து பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை. வாசலுக்கு ஓடினாள். விரலை வைத்தாள். சிவப்பு விளக்கு. வியர்வையைத் துடைத்துவிட்டு மறுபடி வைத்தாள். சிவப்பு. பழைய பூட்டை அவர் புதுசு மாட்டிய அன்றே தூக்கிப் போட்டுவிட்டார், சாவித் துவாரத்தையும் அடைத்துவிட்டார். ஐந்தாவது மாடி. ஜன்னலெல்லாம் கம்பி. போன் அவர் மேஜைமேல்.

அந்த அறையிலிருந்து சத்தம் வந்தது. மெல்லிய சத்தம். தாளில் பென்சில்.

வெளியே லிஃப்ட் நின்றது. ஓட்டமும் நடையுமாக வரும் காலடி. மகள். கதவு திறந்ததும் பாய்ந்து, பிள்ளையையும் இழுத்துக்கொண்டு ஓடிவிடலாம். அப்படி நினைத்த அந்தக் கணத்தில்தான் கீழே பார்த்தாள். கால்மிதியில் அவளுடைய செருப்பு. ஓரமாக அவருடையது. அதைக் காவலாளிக்குக் கொடுத்துப் பத்து நாளாகிறது. இரண்டுக்கும் நடுவில், சின்னதாக ஒரு ஜோடி வைக்க இடம் விட்டிருந்தது.

விளக்கு பச்சையானது.

அவள் கைப்பிடியை இரண்டு கையாலும் மேலே தூக்கிப் பிடித்தாள்.

"உள்ள வராத. பக்கத்து வீட்டுக்குப் போ."

"அம்மா, கைப்பிடிய விடு."

"போன்னு சொல்றேன்ல."

"அப்பா உள்ள கூப்பிடுறாரும்மா."

பென்சில் நின்றது. நாற்காலி நகர்ந்தது. அவசரமில்லாத நடை. பின்கழுத்தில் மர வாசனை. அவள் திரும்பவில்லை. கைப்பிடியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தோளுக்கு மேலாக ஒரு கை நீண்டு வந்தது. சுட்டுவிரல் நுனியில் பென்சில் கரி. கோபமே இல்லாமல், பொறுமையாக, அவள் விரல்களைக் கைப்பிடியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துவிட்டது.