பின்னால் விழுந்த அடி

‘டப்!’

வலது பின்தொடையில் யாரோ கல்லால் அடித்த மாதிரி... நூறு மீட்டர் பாதையில் ஓடிக்கொண்டிருந்தவள் நடுவே குப்புற விழுந்தாள். திரும்பிப் பார்த்தாள். மைதானத்தில் வெள்ளைக் கோடு போடுகிறவன், சுண்ணாம்பு வண்டியை அப்படியே விட்டுவிட்டு விந்தி விந்தி ஓடி வந்தான். வேறு ஈ காக்கை இல்லை.

“அறிவிருக்கா? கல்லெறிஞ்சு விளையாட நான்தான் கிடைச்சேனா?”

“இவ்வளவு சத்தமா திட்டுறீங்களே... அப்போ உயிருக்கு ஆபத்தில்லை,” என்று அருகில் குனிந்தான். மழைக்கு முந்தைய வானம் போல் இருண்ட கண்கள்... இந்த வலியிலும் அதைக் கவனித்த தன்மேலேயே அவளுக்கு எரிச்சல் வந்தது.

“கல்லு எங்கே, பாருங்க. ஹாம்ஸ்ட்ரிங்... பின்தொடைத் தசை கிழிஞ்சிருக்கு. கிழியும்போது பின்னால யாரோ அடிச்ச மாதிரிதாங்க இருக்கும்.”

பாதையில் கல் இல்லை. அவளுக்குள் எல்லாம் இடிந்தது. நாளை தேர்வு ஓட்டம். ‘இதுலயும் தேறலைன்னா ஷூவைப் பரண்ல போடு. மாப்பிள்ளை வீட்டுக்கு வாக்குக் கொடுத்துடுவேன்’ என்றிருந்தான் அண்ணன். அவன் சொல்லால் முடக்க முடியாத கால், இன்று தானே முடங்கிவிட்டது...

அவளை அழைத்துப் போக, தூறலோடு அண்ணன் வந்தான்.

“அப்பவே சொன்னேன்ல? உன் உடம்பு இதுக்கெல்லாம் தாங்காதுன்னு!”

“அவங்க உடம்புல குறையில்லை சார்,” என்றான் கோடு போடுகிறவன். “நாயை விரட்டக் கல்லெறிஞ்சேன், தவறி இவங்க மேல பட்டிருச்சு. ஆறினதும் ஓடுவாங்க. இன்னொரு வாய்ப்பு கொடுங்க.”

பளார்! அறை வாங்கியவன் கன்னத்தைத் தொடக்கூட இல்லை.

“வாய்ப்பாவது, ஒண்ணாவது! வண்டியை உள்ளே கொண்டு வர்றேன். கிளம்பு.” அண்ணன் போய்விட்டான்.

மழை வலுத்தது. வெள்ளைக் கோடுகள் கரைந்து ஓடின. அவளுக்கு அழக்கூடத் தெம்பில்லை.

“லூசா நீங்க? பொய் சொல்லி, அடியும் வாங்கி... ஒண்ணும் நடக்கலையே. என்னத்துக்கு?”

அவன் மடங்காத வலது காலை நீட்டி, ஈரத் தரையில் அவளருகே உட்கார்ந்தான்.

“எனக்கும் இதே பாதையிலதான் கிழிஞ்சது. யாரோ அடிச்சுட்டாங்கன்னு திரும்பிப் பார்த்தேன்... பின்னால ஒருத்தருமே இல்லை. நீங்க திரும்பினப்போ நான் இருந்தேனே... இனிமேலும் இருக்கட்டுமா?”