பாத்திகளுக்கு நடுவே விட்ட இடம்

"இது யார் வேலைங்க?"

குனிந்திருந்தவன் நிமிரவில்லை. செங்கல்லின் மேல் ரசமட்டத்தை வைத்து, கண்ணாடிக் குழலுக்குள் நகரும் குமிழியை ஒற்றைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தான்.

"என் வேலைதான். நல்லா வந்திருக்கில்ல?"

நல்லாத்தான் வந்திருந்தது... அதுதான் அவளுக்கு இன்னும் ஆத்திரம். ராத்திரி கொட்டிய மழைக்கு அந்தச் செங்கல் பாதையில் ஒரு சொட்டு நிற்கவில்லை. அத்தனையும் அவளுடைய தக்காளிப் பாத்தியில் நின்றது. நாற்றுகள் தலையை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு தத்தளித்தன.

ஊர் ஓரத்தில், பழைய தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இருந்த பொது நிலம் அது. துண்டு துண்டாகப் பிரித்து, காய்கறி போட ஆசைப்பட்டவர்களுக்குக் கொடுத்திருந்தார்கள். அவளுடைய துண்டுக்கும், பக்கத்தில் புதிதாக வந்தவனின் துண்டுக்கும் நடுவில் ஒரு பொதுப் பாதை. நேற்று வரை அது ஒற்றைக் காலுக்கு மேல் வைக்க இடமில்லாத மண். அவள் கைங்கரியம்தான். பாதைக்கு விடுகிற மண்ணில் என்ன காய்க்கப்போகிறது என்று, கொத்தும்போதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகப் பாத்தியோடு சேர்த்துக்கொண்டிருந்தாள். இவன் தன் பக்கத்து பீன்ஸில் ஒரு வரிசையைப் பிடுங்கிவிட்டு, அந்த இடத்தையும் சேர்த்து அகலமாகச் செங்கல் பாவியிருந்தான்.

"வாட்டம் கொடுத்திருக்கேன்," என்றான். "தண்ணி நிக்காம ஒரு பக்கமா ஓடிடும்."

"எந்தப் பக்கமா?"

அப்போதுதான் நிமிர்ந்தான்... இமையெல்லாம் சிமென்ட் தூசி. அதற்குக் கீழே, மழை இப்போதுதான் கழுவிவிட்டுப் போனது போல இரண்டு கண்கள். அவை அவளைப் பார்த்தன... பாத்தியைப் பார்த்தன... மறுபடி அவளைப் பார்த்தன. மெதுவாக மூடிக்கொண்டன.

"அய்யோ..."

"என்ன அய்யோ?"

"குளியலறைத் தரை போட்டுப் போட்டுப் பழகின கைங்க. தாழ்வா இருக்கிற பக்கம் தானா தள்ளிவிட்டுடும்."

"என் தக்காளி உங்களுக்குச் சாக்கடை ஓட்டையா?"

அவள் கழுத்தில், கழற்ற மறந்த இஞ்ச் டேப் ஆடியது. அவன் அதைப் பார்த்தான். உதட்டோரம் லேசாகத் துடித்தது.

"தப்பு என்மேலதான், டெய்லரம்மா. ஆனா ஒண்ணு கேக்கறேன். துணி வெட்டும்போது தையலுக்கு இடம் விடாம வெட்டுவீங்களா? இங்க மட்டும் நடக்கறதுக்கு இடமே விடாம நட்டிருக்கீங்க."

சுருக்கென்றது. சொன்னது நிஜம் என்பதால் கூடுதலாகவே சுருக்கென்றது.

"கொத்தனாரே... இனிமே உங்க பாதையில என் கால் படாது."

"பறந்து போவீங்களா?"

"சுத்திப் போவேன்."

அவன் ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். கண் ஒரு கணம் கேட் பக்கம் போனது. அங்கே ஸ்டூலில், கைத்தடியை மடியில் வைத்துக்கொண்டு அவளுடைய அப்பா உட்கார்ந்திருந்தார். என்றைக்கும் இல்லாத அக்கறையோடு வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கொத்தனார் வாயை மூடிக்கொண்டான்.

அவள் நேராகப் போய், அந்த நிலத்தைப் பார்த்துக்கொள்ளும் வாட்ச்மேனிடம் புகார் சொல்லிவிட்டுத்தான் வீட்டுக்குப் போனாள்.

சொன்னபடியே சுற்றித்தான் போனாள். குழாய் அந்தக் கோடியில். பாதை வழியாகப் போனால் எட்டிப் பிடிக்கிற தூரம். சுற்றிப் போனால், அவனுடைய துண்டின் மூன்று பக்கத்தையும் வளைத்துக்கொண்டு, இரண்டு கையிலும் வாளியோடு... தோள்பட்டை இற்றுவிடும் போலிருந்தது. பகலெல்லாம் பேன்ட் தைத்த தோள்பட்டை.

"கை வலிக்கலயா?" என்பான் களை எடுத்துக்கொண்டே.

"வலிச்சா என் கை."

ஆனால் செங்கல்லும் அவனைச் சும்மா விடவில்லை. இரண்டு மழைக்கு இடுக்கெல்லாம் பாசி. பாசியைத் தொடர்ந்து கோரை. வேலை முடிந்து வந்து, மங்கின வெளிச்சத்தில் மழுங்கின கத்தியை வைத்து ஒவ்வொரு இடுக்காகச் சுரண்டிக்கொண்டிருந்தான். அவளுக்கு மனசு குளிர்ந்துபோனது.

"என்ன கொத்தனாரே... செங்கல்லுக்கு நடுவுல பயிர் வெச்சிருக்கீங்களா?"

"கோரைங்க. அறுவடைக்கு ஆள் கிடைக்கல. வர்றீங்களா?"

சிரிக்கக்கூடாது என்றுதான் நினைத்தாள். முகம் கேட்கவில்லை. குனிந்து வாளியைத் தூக்குகிற சாக்கில் மறைத்துக்கொண்டாள்.

மறுநாள் அவளுடைய பாத்தி ஓரத்தில் ஒரு வாய்க்கால் வெட்டியிருந்தது. தேங்கின தண்ணீர் வடிந்திருந்தது. அழுகிப்போன நாற்றுகளின் இடத்தில், ஈரச் சாக்கில் சுற்றிய புது நாற்றுகள் காத்திருந்தன.

"இது யார் வெச்சது?"

"எனக்கென்ன தெரியும்... கால் முளைச்சு நடந்து வந்திருக்கும்."

"உங்க பாதையிலயா வந்துச்சு?"

"தக்காளிக்கு ரோஷம் கிடையாதுங்க."

அன்று மதியம் மெஷினில் உட்கார்ந்தவளுக்கு, கீழ்நூல் தீர்ந்ததே தெரியவில்லை. ஒரு பேன்ட் கால் முழுக்க வெறும் ஓட்டைகளாக ஓட்டி முடித்திருந்தாள். தூக்கிப் பார்த்தபோது இரண்டு துண்டும் தனித்தனியே கழன்று விழுந்தன. எதை நினைத்துக்கொண்டிருந்தாய் என்று தன்னையே கேட்டாள்... பதில் தெரிந்திருந்ததால், அவசரமாகப் பாபினை மாற்றினாள்.

நாற்றுகள் வேர் பிடித்தன. வளர்ந்தன. மஞ்சளாக முதல் பூ வந்த வாரத்தில், வாட்ச்மேன் அவளைக் கேட்டிலேயே நிறுத்தினார்.

"உன் புகாருக்கு முடிவு வந்துடுச்சும்மா. கொத்தனாரைப் பின்சுவத்தோரம் கடைசித் துண்டுக்கு மாத்தியாச்சு. செங்கல்லை எடுத்துட்டு ஞாயித்துக்கிழமை காலி பண்றாரு. இனி உனக்குத் தொல்லை இல்ல."

"அவர்... ஒண்ணும் சொல்லலையா அண்ணா?"

"என்ன சொல்லுவாரு? சரின்னுட்டாரு."

கேட்டது கிடைத்துவிட்டது. அப்படியானால் சந்தோஷம் எங்கே?

வீட்டில் அப்பா ஜன்னலோரம் உட்கார்ந்து பொத்தான்களை நிறம் பார்த்துப் பிரித்துக்கொண்டிருந்தார். லாரி ஓட்டின மனிதர். விபத்துக்குப் பிறகு ஒரு முழங்கால் மடங்காது. அவள் செய்தியைச் சாதாரணமாகத்தான் சொன்னாள். அவர் கையிலிருந்த பொத்தான் நழுவி, தரையில் உருண்டு, மெஷினுக்கு அடியில் போய் நின்றது.

"அந்தப் பாதையை நான்தான்மா போடச் சொன்னேன்."

"என்னப்பா சொல்றீங்க?"

"ஒருநாள் நீ குழாயடிக்குப் போயிருந்தப்ப, செடியைப் பாக்கலாம்னு உள்ள வந்தேன். உன் வழியில தடி ஊன இடமில்ல. சறுக்கி விழுந்துட்டேன். அந்தப் பையன்தான் தூக்கிவிட்டான். நான் நடக்கற மாதிரி ஒரு வழி போட்டுத் தர முடியுமாப்பான்னு கேட்டேன்."

"என்கிட்ட ஏன் கேக்கல?"

"கேட்டா நீ உடனே செடியைப் பிடுங்கி வழி விடுவ. ராத்திரி பகலா லாரி ஓட்டினவன் நான்... மகள் பயிரைப் பிடுங்கித்தான் நடக்கணுமா? உனக்குத் தெரியக்கூடாதுன்னு அவன்கிட்ட சத்தியம் வாங்கிட்டேன்."

"அதான் அன்னைக்கு நான் அவ்வளவு பேசியும்..."

"கொஞ்சமாவா பேசின? கேட் வரைக்கும் கேட்டுச்சு."

"கேட்டுக்கிட்டு நீங்க சும்மா இருந்தீங்க."

"ஆமா," என்றார் அப்பா. அவள் மண்டியிட்டு, மெஷினுக்கு அடியில் கையை விட்டு, அந்தப் பொத்தானை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை... தூறல், வேண்டுமா வேண்டாமா என்பது போல விழுந்துகொண்டிருந்தது. குழாய்க் கோடியிலிருந்து செங்கல்லைப் பெயர்த்து அடுக்கிக்கொண்டு வந்தான் கொத்தனார். இந்தக் கோடியில், தோளில் ஒரு மூட்டையோடு அவள் வந்து நின்றாள்.

ஒரு மூச்சு இழுத்துவிட்டுக்கொண்டாள். முதல் செங்கல்லில் கால் வைத்தாள். பிறகு அடுத்ததில்...

அவன் அவள் பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"கால் பட்டுடுச்சு," என்றாள்.

"தெரியுது."

"வாட்ச்மேன் அண்ணன்கிட்ட புகாரை வாபஸ் வாங்கிட்டேன். நீங்க எங்கேயும் போக வேணாம்."

அவன் கையிலிருந்த செங்கல்லைக் கீழே வைத்தான். "அப்பா சொல்லிட்டாரா?"

"சொல்லிட்டாரு."

"பாவம் பாத்து நிறுத்தறதா இருந்தா வேணாங்க. கடைசித் துண்டுலயும் மண்ணுதான் இருக்கு. நான் பொழைச்சுக்குவேன்."

கோபமில்லை அந்தக் குரலில். கொஞ்சம் அடிபட்டிருந்தது, அவ்வளவுதான். பேச்சு வராத இடத்தில் அவளுக்குக் கைதான் வரும். குனிந்தாள். பாதையோரத்துத் தக்காளியை வேரோடும் மண்ணோடும் எடுத்து, பாத்தியின் உட்பக்கம் வைத்தாள். அடுத்ததையும்...

"ஏங்க... பூ விட்டிருக்கு."

"தெரியும். உள்ள தள்ளி நட்டுக்கறேன். பொழைக்கறது பொழைக்கட்டும். உங்க பீன்ஸ் மட்டும்தானா வழி விடணும்?"

மூட்டையைப் பிரித்தாள். வெட்டி மிஞ்சிய பேன்ட் துணிகள். தடித்த பருத்தி.

"அடியில இதை ரெண்டு மடிப்பா விரிச்சா கோரை சீக்கிரம் தலை தூக்காது. மேல மரச்சீவல் போடலாம். மரக்கடையில சொல்லிவெச்சிருக்கேன். தண்ணி அங்கேயே இறங்கிடும்... என் பக்கமும் ஓடாது, உங்க பக்கமும் ஓடாது."

அவன் உட்கார்ந்து துணியை விரலால் நிமிண்டிப் பார்த்தான். வேலைக்காரனின் புத்தி விழித்துக்கொண்டது. "சீவல்ல அப்பாவோட தடி புதையும். நடுவுல செங்கல் இருக்கட்டும்... மட்டமா, வாட்டம் இல்லாம. ரெண்டு ஓரமும் சீவல்." கொஞ்சம் தயங்கினான். "ஆனா சீவல் மக்கிடும். ஒருதடவை போட்டு விட்டுட முடியாது. வருஷா வருஷம் மேல போட்டுக்கிட்டே இருக்கணும்."

"போடலாம்."

"வருஷா வருஷமா?"

"நான் எங்கே போயிடப்போறேன்?"

தூறல் அவன் இமைத் தூசியைக் கரைத்துக் கன்னத்தில் கோடு இழுத்தது. அவன் துடைத்துக்கொள்ளவில்லை.

"பாவம் பாத்து இல்லங்க..." அவள் துணியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "கீழ்நூல் இல்லாம ஒரு பேன்ட் காலைத் தைச்சு முடிச்சேன். யாரை நினைச்சுக்கிட்டுன்னு கேளுங்க."

"யாரை?"

"கேட்டா சொல்லிடுவேனா?"

அவன் சிரித்தான். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னான். "நானும் ஒண்ணு சொல்லணும். சத்தியம் மட்டும் காரணமில்ல நான் வாயைத் திறக்காததுக்கு. நீங்க சுத்திப் போனா என் துண்டை மூணு பக்கமும் தாண்டித்தான் போகணும்... மூணு பக்கமும் பாத்துக்கிட்டே இருக்கலாம். நேர் வழியில போயிருந்தா ஒரு நிமிஷத்துல முடிஞ்சிருக்கும்."

"என் தோள்பட்டை இத்துப்போச்சு."

"தெரியும். வாளியை வாங்கிக்கணும்னு தினமும் நினைப்பேன். வாங்கிட்டா சுத்த மாட்டீங்களே."

அவள் கழுத்திலிருந்த இஞ்ச் டேப்பை உருவி, ஒரு முனையை அவனிடம் நீட்டினாள். அவன் தன் பீன்ஸ் ஓரத்தில் பிடித்தான். அவள் தக்காளி ஓரத்தில் பிடித்தாள். சிமென்ட் வெடித்த விரலும் ஊசி குத்திய விரலும்... நடுவில் நனைந்த டேப்.

"எவ்வளவு விடணும்?" என்றான்.

"அப்பா நடக்கணும். தடிக்கு இடம் வேணும்."

"சரி. அவர் பக்கத்துல நீங்க."

"ம்."

"அப்போ நான்?"

டேப்பை இழுத்துப் பிடித்தபடி யோசித்தாள். யோசிக்க ஒன்றுமில்லை என்றாலும் யோசித்தாள்.

"அப்பா முன்னாடி போகட்டும்... நாம பின்னாடி சேர்ந்து வருவோம்."

அவன் டேப்பின் முனையைத் தன் பீன்ஸ் பக்கம் இன்னும் ஒரு சாண் தள்ளிப் பிடித்தான்.

கேட் பக்கமிருந்து கைத்தடி தரையில் தட்டும் சத்தம் கேட்டது.

"இன்னுமா அளக்கறீங்க?" என்றார் அப்பா. "ஒருத்தன் நனைஞ்சுக்கிட்டு நிக்கறேன்."