திங்கட்கிழமைக் காய்ச்சல்

ஸ்ரனிஸ்லாஸுக்குச் சீனி வருத்தம். அவருடைய தேத்தண்ணிக்குச் சீனி போடுவதை மனைவி மரியகொறற்றி நிறுத்தி ஆறு வருசமாகிறது. ஆனாலும் அந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து முதல் மிடறு விழுங்கியபோது தேத்தண்ணி இனித்தது. பல்லிடுக்கில் தகரம் கரைவதுபோல ஓர் இனிப்பு.

கொட்டாஞ்சேனையில் முப்பது வருசமாக வெல்டிங் பட்டறை நடத்தினவருக்கு அந்த ருசி தெரியாதா? நாகம் பூசின கெல்வனைஸ் குழாயை ஒட்டும்போது எழும்புகிற வெள்ளைப் புகையின் ருசி அது. பட்டறையோ, அங்கே வேலை செய்த வேலுசாமி செத்த நாளிலிருந்து வீட்டுக்குப் பின்னால் பூட்டியே கிடக்கிறது.

வேலுசாமி மலைநாட்டு ஆள். ஞாயிறு லீவு எடுத்தால், திங்கள் வேலை முடிய அவனுக்குக் குளிர்காய்ச்சல் தூக்கிப் போடும். ஓய்வெடுத்தால்தான் புகைக்குப் பழகின உடம்பு மறந்துபோகிறது என்று ஸ்ரனிஸ்லாஸ் கண்டுபிடித்தார். பெரிய டொக்டர்தானே! ஞாயிறும் வா, காய்ச்சல் வராது என்றார். பால் புகையை அறுக்குமென்று தினம் ஒரு கிளாஸ் கொடுத்தார். இரவில் தெரிகிற நீல வெளிச்சம் என்னவென்று ஆமிக்காரர் வந்து விசாரித்ததும், யன்னலைத் தகரம் வைத்து அடைத்தார்; புகை உள்ளேயே நின்றது. காய்ச்சல் நின்றது. நாலு வருசத்தில் மூச்சும் நின்றது. அழுதுகொண்டு வந்த அவன் பெண்சாதி மயிலம்மாவிடம், எல்லாம் பீடியால் வந்ததென்று சொல்லி அனுப்பினார், பாவி மனுசன். சுவாமியாரிடம் செய்த பாவசங்கீர்த்தனத்திலும் அது வாயில் வரவில்லை. நாளைக்கு அவள் பட்டறையில் கிடக்கிற அவன் சாமான் எடுக்க வருகிறாள். உண்மையைச் சொல்லாவிட்டால் இனி அவருக்கு நித்திரை இல்லை.

இரவு பதினொரு மணிக்குக் கறண்ட் போனது. மின்விசிறி ஓய்ந்த அமைதியில், பின்பக்கம் குழாய் ஒட்டுகிற சரசரப்பு கேட்டது. இடையிடையே நெஞ்சைப் பிய்க்கிற இருமல். எழும்பிப் போய்ப் பார்த்தார். பட்டறைக் கதவடியில் நீல வெளிச்சம் வெட்டி வெட்டி அணைந்தது.

கறண்ட் இல்லையே.

பூட்டைத் திறந்தார். உள்ளே போனார். இருட்டு. புகை. ஆணியைத் தடவினார்; வேலுசாமியின் முகமூடி இல்லை.

"நாளைக்கு மயிலம்மாவிட்டச் சொல்லிப்போடுறன், வேலு," என்றார்.

புகைக்குள்ளிருந்து பணிவாகப் பதில் வந்தது.

"நாளைக்குத் திங்கக்கெழமைங்க, மொதலாளி. அதான் இன்னிக்கும் வந்துட்டேன்."

பின்னால் கதவு சாத்திக்கொண்டது. கொளுக்கி விழுந்தது.

நீல வெளிச்சம் மறுபடி வெட்டியது. மேசையில் இரண்டு கிளாஸ். ஒன்று வெறுமை. விளிம்பில் கறுத்த உதட்டின் தடம்.

மற்றதில் பால். தளும்பத் தளும்ப. கரி படிந்த ஐந்து விரல்கள் அதை மெல்ல அவர் பக்கம் தள்ளின.