பிள்ளை முகக் குடுவை

பெரு நாட்டின் வடக்குக் கடற்கரையில், பழங்காலத்தார் எழுப்பிய மண்மேட்டின் அடியிலிருந்த வீட்டுக்குத் தெல்ஃபினா குடிவந்தபோது, நடுப்பகலிலேயே கடல்மூடுபனி சுவர்களை நனைத்திருந்தது. உள்ளே ஈரமண் வாடை. இடுப்பில் கைக்குழந்தை எலாதியோ ஓயாமல் அழுதுகொண்டிருந்தான்.

"உன்னை மாதிரியே இவனுக்கும் வாய் மூடாது," என்றான் கணவன் நிக்கானோர்.

"உங்கம்மா மாதிரின்னு சொல்லேன், தைரியமிருந்தா."

இருவரும் குயவர்கள். பழங்காலத்தார் செய்தது போலவே இரட்டை வயிற்றுக் குடுவைகள் செய்வார்கள். நீரை ஊற்றிச் சாய்த்தால், உள்ளிருக்கும் காற்று சீட்டியடிக்கும். சூளையில் வெடிக்காதிருக்க, மண்ணோடு உடைந்த பானைகளின் ஓட்டுத்தூள் கலப்பது வழக்கம். இந்தத் தடவை நிக்கானோர் மேட்டில் ஒரு தாயும் சேயும் புதைந்திருந்த பழங்குழியிலிருந்தே பானையோடுகளை அள்ளிவந்து இடித்தான்.

"செத்தவங்களுக்குச் சோளக்கள்ளு ஊத்தி, அனுமதி கேட்டுட்டுத்தானே எடுத்தே?"

"யாரைக் கேக்கறது? எல்லாரும் மண்ணாப் போயாச்சு."

அவளுக்கு மனம் ஒப்பவில்லை. ஆனாலும் கை சும்மா இருக்கவில்லை. தூங்கும் மகனைப் பார்த்துப் பார்த்து, அந்த மண்ணில் அவன் முகத்தையே குடுவையின் கழுத்தில் வனைந்தாள்.

சுட்டெடுத்து, நீரூற்றிச் சாய்த்தாள்.

சீட்டி வரவில்லை.

எலாதியோவின் அழுகை வந்தது.

தொட்டிலில் அவன் முகம் சிவக்க வாயைத் திறந்து அழுதுகொண்டிருந்தான். சத்தமே இல்லை.

அதன்பின் அவன் பால் குடிக்கவில்லை. விரல்கள் சில்லிட்டன. நிக்கானோர் சுத்தியலை எடுத்தான்.

"வேணாம்," என்றாள் கிசுகிசுப்பாக. "உள்ள இருக்கிறது என் பிள்ளை. கை வச்சே, உன் மண்டையை உடைப்பேன்."

பறிபோன உயிரைத் தாய்தான் அழைக்க வேண்டும்; அழைத்துத் திரும்புகையில் பின்னால் பார்க்கக் கூடாது என்பது ஊர் நம்பிக்கை. அவள் பனிக்குள் மேடேறினாள். ஓடுகள் எடுத்த குழியில் சோளக்கள்ளை ஊற்றினாள். குடுவையைப் புதைத்து, மகனின் சட்டையை அதன்மேல் விரித்தாள்.

"எலாதியோ... வாடா கண்ணு. வீட்டுக்குப் போலாம்."

மண்ணுக்கடியில் ஒரு விசும்பல். பிறகு அமைதி.

சட்டையைச் சுருட்டி எடுத்தபோது, அது ஒரு பிள்ளையின் கனம் கனத்தது.

பின்னால் ஈரமணல் நெறுநெறுத்தது.

அவள் திரும்பவில்லை.

வீட்டில் சட்டையைக் குழந்தைக்குப் போர்த்தியதும் அவன் வீறிட்டான். நிக்கானோர் சுவரில் சரிந்து உட்கார்ந்து, "கத்துடா ராசா, நல்லாக் கத்து," என்று தேம்பினான். தெல்ஃபினா குழந்தையை வாரி மார்போடு அணைத்தாள்.

அப்போது மேட்டுப் பக்கமிருந்து, அவர்கள் அறியாத மொழியில், ஒரு பெண் தாலாட்டத் தொடங்கினாள்.

குழந்தை சட்டென்று அழுகையை நிறுத்தினான். தாயின் மார்பிலிருந்து முகத்தைத் திருப்பி, பனியை நோக்கிச் சிரித்தபடி இரு கைகளையும் நீட்டினான்.