ஈரம் பிடிச்சிருக்கு

"விதையா விக்கிறீங்க... கூழாங்கல்லா?"

கேட்டுக்கொண்டே அவன் சட்டைப்பையிலிருந்து ஒரு சின்னக் கறுப்பு டப்பாவை எடுத்தான். போட்டோ பிலிம் வரும் பிளாஸ்டிக் டப்பா. மூடி 'டப்'பென்று திறந்தது. அவரை விதைகள் மேஜைமேல் உருண்டன. மண் ஒட்டி, ஊறி, தோல் சுருங்கி... ஒன்றில்கூட முளை இல்லை.

காந்திமதி நிமிர்ந்து பார்த்தாள். பார்த்திருக்கக் கூடாது. வெளியே ஐப்பசி மழை. அவன் புருவத்தில் ஒரு துளி, விழுவதா வேண்டாமா என்று தயங்கி நின்றது. கோபமாகப் பேசுகிறவனுக்கு இப்படிச் சிரிக்கிற கண்களா? சட்டென்று குனிந்து தராசுத் தட்டைத் துடைக்க ஆரம்பித்தாள். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

பீர்க்கன்கரணையில் இருந்த நிலமெல்லாம் வீட்டுமனைகளாகிப் போன பிறகு அவள் அப்பா பொன்னுரங்கத்துக்கு மிஞ்சியது மேற்குத் தாம்பரம் மார்க்கெட்டில் இந்த விதைக்கடை ஒன்றுதான். தாவரவியல் படித்து முடித்த காந்திமதி அவருக்குத் துணையாகக் கடையில் உட்கார்ந்திருந்தாள். உட்கார்ந்திருந்தாள் என்பதுதான் சரி. பேசுவதெல்லாம் அப்பா.

"இன்னாபா பேசற? எவ்ளோ பழைய கடை தெரியுமா இது?"

"கடை பழசா இருக்கட்டும் சார், விதை பழசா இருக்கலாமா? எங்கம்மா பந்தல்லாம் கட்டி வச்சிட்டு, தெனம் காலைல மண்ணைக் கிளறிப் பாத்துகினு கீறாங்க."

கீரை விதை வாங்க வந்திருந்த கிளியம்மாள் குடையை மடக்கியபடி சேர்ந்துகொண்டாள். "தம்பி சொல்றது வாஸ்தவந்தான் ரங்கம். நீ குடுத்த முளைக்கீரையும் மொளைக்கல. பேர்ல மட்டுந்தான் முளை கீது!"

கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அப்பாவின் முகம் கறுத்தது.

"வெள்ளிக்கிழமை வாங்க..."

யார் பேசியது என்று எல்லோரும் திரும்பினார்கள். காந்திமதிக்கே தெரியவில்லை, தன் குரல் எப்படி வெளியே வந்ததென்று.

"அதே மூட்டையிலேருந்து விதை எடுத்து ஈரத்துணியில கட்டி வைக்கிறேன். முளைக்குதா இல்லையான்னு... நீங்களே வந்து பாருங்க."

அவன் அவளையே பார்த்தான். "சரிங்க" என்றான், பாதிக் குரலில். கேமராப் பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு மழையில் இறங்கிவிட்டான். டப்பாவை மறந்து போனான்.

அன்று மாலை முழுக்க அவள் கை அந்த டப்பாவையே திறந்து மூடிக்கொண்டிருந்தது. 'டப்'... 'டப்'... மூடி எவ்வளவு இறுக்கம்! ஒரு துண்டுக் காகிதத்தை உள்ளே போட்டு மூடி, வாளித் தண்ணீரில் அமுக்கிப் பார்த்தாள். எடுத்துத் திறந்தபோது காகிதம் மொடமொடவென்று இருந்தது.

பிலிமுக்கும் ஈரம் ஆகாது. விதைக்கும் ஆகாது.

வெள்ளிக்கிழமை அவன் வந்தான். அவள் துணி முடிச்சை அவிழ்த்தாள். ஏதோ ஒன்றிரண்டு மட்டும் நோஞ்சானாக மூக்கை நீட்டியிருந்தன. மற்றவை கொழகொழத்து, பூசண வாடை. 'வேறு விதையை மாற்றி வைத்திருக்கலாமே' என்றது அப்பாவின் பார்வை.

"நீங்க சொன்னதுதான் சரி" என்றாள் காந்திமதி. "பின்சுவர்ல ஓதம். மூட்டை அதை ஒட்டியே இருந்திச்சு. ஈரம் பட்டா விதை அரைத்தூக்கத்துல முழிச்சுக்கும். மண்ணு இல்லாம, முழிச்சு முழிச்சே... செத்துடும்."

ஜெயித்தவன் முகம் மாதிரியே இல்லை அவன் முகம். அவிழ்த்த துணியைத் தானே மடித்து வைத்துவிட்டுப் போய்விட்டான்.

அப்பா கடையைச் சாத்தும்போதுதான் வாய் திறந்தார். "நாலு பேர் எதிர்ல அப்பனைத் தலைகுனிய வச்சிட்ட. வாணாம்மா... தை பொறந்ததும் கடையை வுட்டுடறேன். எஸ்.டி.டி. பூத்து வைக்கக் கேட்டுகினே கீறாங்க."

இந்தக் கடையின் வாசனை இல்லாமல் அப்பா எப்படி இருப்பார்? அவள்தான் எப்படி இருப்பாள்?

"தை வரைக்கும் எனக்குக் குடுங்கப்பா. புதுச் சரக்கை நானே பாத்து வாங்கி, நானே பத்திரப்படுத்தறேன். முளைக்கலைன்னா... மூடிடலாம்."

"செய்யி. ஆனா அந்த போட்டோக்காரன் நம்ம கடைப் படியேறக் கூடாது."

படியேறக் கூடாது என்றுதானே சொன்னார்? அவள் படியிறங்கக் கூடாது என்று சொல்லவில்லையே...

ரயில்வே பாலம் ஏறி, கிழக்குத் தாம்பரத்தில் இறங்கி, அவன் கேமராப் பையில் எழுதியிருந்த 'ராஜ் ஸ்டூடியோ'வைத் தேடிப் பிடித்து, அதன் வாசலில் அவள் நின்றபோது இதயம் மின்சார ரயில் மாதிரி தடதடத்தது.

"பாஸ்போர்ட் சைஸா மேடம்?" நிமிர்ந்தவன் நாற்காலியைத் தட்டிவிட்டு எழுந்தான். "நீங்களா!"

"டப்பா..."

"எந்த டப்பா?"

"இது. இது மாதிரி... காலியா... நிறைய வேணும். விதை போட."

"அட, ஒரு கோணி நிறைய கீது! தூக்கிப் போட மனசு வராம வச்சிருந்தேன். எதுக்குன்னு இப்பத்தான் தெரியுது." அவன் அவசரமாகப் பரணில் ஏறினான்.

சுவரில் மாட்டியிருந்த லைசென்ஸை அவள் படித்தாள். "குப்புராஜ்...?"

பரணிலிருந்து தலை மட்டும் எட்டிப் பார்த்தது. "மெதுவாங்க! போர்டுல பாதி எழுதறதுக்குள்ள பெயின்ட் தீந்துபோச்சு."

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. தாவணி முனையால் வாயை மூடிக்கொண்டாள்.

"நல்ல விதைன்னு எப்பிடிங்க கண்டுபிடிக்கிறது?" என்று கேட்டான், கோணியோடு இறங்கி.

அவ்வளவுதான். எங்கிருந்துதான் வந்ததோ அத்தனை பேச்சு!

"முதல்ல எப்ப விளைஞ்சதுன்னு கேக்கணும். வெங்காய விதை ஒரு வருஷம் தாண்டினாலே சந்தேகம். தக்காளி, கத்திரியெல்லாம் நல்லா காய்ஞ்சிருந்தா சில வருஷம் தாங்கும். கையில அள்ளினா கனமா இருக்கணும், பூசண வாடை வரக் கூடாது. மூடி வைக்கறதுக்கு முன்னாடி நிழல்ல நல்லா காய வைக்கணும். ஈரத்தோட மூடினா உள்ளயே அழுகிடும். காய்ஞ்சு மூடினா... சமத்தா தூங்கும்."

சட்டென்று நிறுத்தினாள். அவன் கன்னத்தில் கை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தான்.

"இவ்ளோ பேசுவீங்களா நீங்க?"

தரையில் எதையோ தேடினாள்.

அவன் லென்ஸ் பெட்டியிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து அவள் முன் பிரித்தான். கற்கண்டு போல நீல நிற மணிகள். "சிலிகா ஜெல்லுங்க. லென்ஸ்ல பூசணம் வராம இருக்க இதைத்தான் போட்டு வைப்போம். காத்துல இருக்கற ஈரத்தையெல்லாம் உறிஞ்சிக்கும். துணியில முடிஞ்சு டப்பாவுல போடுங்க. ரோஜா நிறமா மாறினா ஈரம் பிடிச்சிருக்குன்னு அர்த்தம். வேண்டாத வாணலியில லேசா வறுத்தா மறுபடி நீலமாயிடும்." கொஞ்சம் குனிந்து அவள் முகத்தைப் பார்த்தான். "இப்ப உங்க கன்னம் ஆன மாதிரி நிறம்..."

கோணியைத் தூக்கிக்கொண்டு ஓடாத குறையாக வெளியே வந்தாள். பாதித் தெருவில்தான் தலை நனைவது உறைத்தது. குடை! திரும்பினாள். ஸ்டூடியோ வாசலில் பக்கத்து டீக்கடை ஏசுதாசன் நின்றுகொண்டிருந்தார்.

"இன்னா குப்பு, விதைக்கடைப் பொண்ணுக்கு மட்டும் எல்லாம் ஓசியா?"

"பாவம்ணே..." என்றது அவன் குரல்.

மேலே கேட்க அவள் நிற்கவில்லை.

பாவமா? நாலு பேர் எதிரில் தலைகுனிய வைத்துவிட்டோமே என்ற பரிதாபமா இவ்வளவும்? கண்களில் இருந்தது மழைத்தண்ணீர்தான் என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். குடையை வாங்க அவள் போகவே இல்லை.

வேலையில் மூழ்கினாள். செங்கல்பட்டுப் பக்கம் விதைக்கென்றே விளைவிக்கிறவர்களிடம் போய்ப் புதுச் சரக்கு வாங்கினாள். மழை விட்ட நாட்களில் மின்விசிறியின் கீழ் நிழலில் உலர்த்தினாள். அவரை, புடலை, பாகல், வெண்டை... டப்பா டப்பாவாக நிரப்பி, நீல மணி முடிச்சுகள் போட்டு, விளைந்த மாதத்தை எழுதி ஒட்டினாள்.

"விதை மூச்சு வுடும்மா. இப்பிடி மூடினா செத்துப் பூடும்" என்பார் அப்பா.

"தூங்கறவங்களுக்குக் கொஞ்சம் மூச்சு போதும்பா" என்பாள்.

ஒரு டப்பாவில் மட்டும் விதை இல்லை. நீல மணிகளை மட்டும் போட்டு, மூடாமல் தன் பக்கத்திலேயே வைத்துக்கொண்டாள். கார்த்திகை முடிவதற்குள் அது ரோஜா நிறமாகிவிட்டது. வறுக்க வேண்டும்... வறுக்க மனம் வரவில்லை.

தை பிறந்தது. அப்பாவே தன் கையால் டப்பாக்களைத் திறந்தார், தன் கையால் ஈரத்துணியில் முடிந்தார். முடிச்சை அவிழ்த்த காலையில் காந்திமதி பிள்ளையாரைக் கும்பிட்டபடி கண்ணை மூடிக்கொண்டாள்.

மெல்லக் கண்ணைத் திறந்தாள்.

துணி முழுக்க வெள்ளை வெளேரென்று முளைகள்! அப்பா ஒவ்வொன்றாகத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். மூக்கை உறிஞ்சினார்.

"பூத்துக்காரனை வேற எடம் பாக்கச் சொல்லிடறேன்" என்றார். அப்புறம், வேறெங்கோ பார்த்துக்கொண்டு, "அந்த போட்டோக்காரனுக்கும் சொல்லி அனுப்பறேன். கடையை ஒரு போட்டோ எடுக்கட்டும். கல்லுன்னு சொன்ன வாயால நல்லாருக்குன்னு சொல்லட்டும்."

அன்று மாலையே குப்புராஜ் வந்தான். தோளில் கேமரா. கையில்... அவள் குடை.

"இரு, நல்ல சட்டை போட்டுகினு வரேன்." அப்பா உள்ளே போனார்.

குடையை மேஜைமேல் வைத்தான். "ஏங்க... அப்புறம் ஆளே காணோமே?"

"பாவம்னுதானே குடுத்தீங்க?" குடையை அவள் தொடவில்லை. "எனக்கு அந்தப் பாவம் வேண்டாம்."

அவன் விழித்தான். பிறகு புரிந்தது. தலையில் அடித்துக்கொண்டான். "ஐயோ! பாதி கேட்டுட்டு ஓடியிருக்கீங்களே! 'பாவம்ணே, என் நிலைமை. அந்தப் பொண்ணு பேச ஆரம்பிச்சா எனக்குப் பேச்சே வர மாட்டேங்குது'ன்னுங்க சொன்னேன்! வேணும்னா ஏசுதாசன் அண்ணனைக் கூட்டினு வரவா?"

மழை இல்லை. ஆனாலும் அவளுக்குள் எங்கோ பெய்தது.

"இப்பவும் வர மாட்டேங்குது... ஆனாலும் சொல்லிடறேன்." அவன் குரல் தணிந்தது. "எனக்கு உங்களைப் பிடிச்சிருக்குங்க. கல்லான்னு கேட்டேனே, அன்னிக்கே. நீங்க..?"

அவள் வாயைத் திறந்தாள். கை மட்டும் தானாக நீண்டு, மூடாத அந்த டப்பாவை அவன் முன் நகர்த்தியது.

எட்டிப் பார்த்தான். அத்தனையும் ரோஜா நிறம்.

"பிடிச்சிருக்கு" என்றாள், காற்றுக்கும் கேட்காமல்.

"எதுக்கு... கல்லுக்கு ஈரமா?" கண்கள் இரண்டும் சிரித்தன.

"எனக்கு" என்றாள். "...உங்களை."

"இன்னாம்மா புடிச்சிருக்கு?" கஞ்சி போட்ட சட்டையின் பொத்தானை மாட்டிக்கொண்டே அப்பா வந்துவிட்டார்.

"ச... சட்டைப்பா!"

அப்பா சட்டையைப் பார்த்தார், மகளின் கன்னத்தைப் பார்த்தார், டப்பாவை எட்டிப் பார்த்தார். "கல்லு செவந்து கீதே. வறுக்கல?"

"வேண்டாம்பா... இது இப்படியே இருக்கட்டும்."

"ம்..." அவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து தொண்டையைச் செருமினார். "இன்னாபா, போட்டோ எடுக்கப் போறியா, பாத்துகினே நிக்கப் போறியா? அப்பிடியே நாளைக்கு உங்கம்மாவையும் கூட்டினு வா. அவரை விதை நானே பொறுக்கித் தரணும். அப்பிடியே... கொஞ்சம் பேசவும் வேண்டி கீது."

கேமராவுக்குப் பின்னால் போனவன் நெடுநேரம் வெளியே வரவில்லை.

"காந்திமதி... இங்க பாருங்க" என்றான்.

இந்த முறை அவள் குனியவில்லை.